அப்பத்தாவுக்கும் சித்தப்பாவுக்கும் சேர்த்து உதவித்தொகை கிடைக்குமா?

உசிலை பேரன்:
எங்கள் அப்பத்தாவுக்கு 72 வயது. உசிலம்பட்டிப் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். கூடவே சித்தப்பா, 41 வயது, பிறவியிலேயே மனவளர்ச்சி குறைவு, குளிப்பாட்டுவது சோறு ஊட்டுவது எல்லாம் அப்பத்தாதான். களை வெட்டப் போய்க்கொண்டிருந்தவர், முழங்கால் வலியால் இரண்டு வருடமாக வேலைக்குப் போக முடியவில்லை. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில், வாடகையும் வட்டியும் போக மாசம் ஆயிரம் ரூபாய் அனுப்புவதே பெரும்பாடு. முதியோர் பணத்துக்கு எழுதிப் போட்டோம், மகன் இருக்கிறார் என்று தள்ளிவிட்டார்கள். ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் தருவார்கள் என்று ஊரில் சொன்னதால் சித்தப்பாவுக்கு எழுதவே இல்லை. யாராவது விவரம் சொல்லுங்கள்.

திருமங்கலம் இசேவை:
தம்பி, ஊரில் சொல்வதை விடுங்கள். இரண்டும் வேறு வேறு துறை. அப்பத்தாவுக்கானது வருவாய்த்துறை, 2023 ஆகஸ்டிலிருந்து மாசம் 1200 ரூபாய். சித்தப்பாவுக்கானது மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை, 2000 ரூபாய், மனவளர்ச்சி குன்றியவர்களுக்குக் குறைபாடு 40 சதவீதம் இருந்தாலே போதும். இதற்கு மதுரையில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் போகணும். இத்தனை வருசம் விட்டுவிட்டீர்களே என்று மனசு கேட்கவில்லை, முதலில் சித்தப்பா மனுவைக் கொடுங்கள். அவருக்கு அடையாள அட்டை இருக்கிறதா?

மேலூர் முத்து:
எங்கள் அம்மாவுக்கும் இதே மகன் கதைதான் சொன்னார்கள். ரேஷன் கார்டில் உங்கள் அப்பா பேர் இன்னும் அப்பத்தாவோடு இருக்கிறதா பாருங்கள், நாங்கள் அங்கேதான் மாட்டினோம். குடும்பம் உண்மையிலேயே திருப்பூரில் இருந்தால் அங்கே தனிக் கார்டு எடுத்துவிடுங்கள். அப்புறம், தள்ளுபடி செய்ததை வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டு வராதீர்கள், காரணம் எழுதிய தாளை வாங்குங்கள். தாசில்தார் உத்தரவுக்கு மேல் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், உசிலம்பட்டியிலேயே கோட்டாட்சியர் இருக்கிறார். அங்கும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். அப்பத்தாவை அலைக்கழிக்க வேண்டாம், நீங்களே போங்கள்.

உசிலை பேரன்:
அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. கார்டில் அப்பா பேர் இருக்கத்தான் செய்கிறது. சித்தப்பாவுக்குப் பழைய நோட்டுப் புத்தகம் மாதிரி அட்டை ஒன்று இருக்கிறது, 70 சதவீதம் என்று போட்டிருக்கிறது. ஆனால் அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, பேங்க் கணக்கும் இல்லை.

திருமங்கலம் இசேவை:
70 என்றால் யோசிக்கவே வேண்டாம். பழைய அட்டையை வைத்து யுடிஐடி அட்டைக்கு, அதாவது நாடு முழுக்கச் செல்லும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு, பதிந்துவிடுங்கள். கணக்குக்குக் காப்பாளர் வேண்டும். 18 வயது தாண்டிய மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழு சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கும், மனு அதே மாற்றுத்திறனாளி அலுவலகத்தில் கேளுங்கள். ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள்: அப்பத்தாவுக்கு 72 ஆகிறது. காப்பாளராக அவர் பேரையே போடுவதா, உங்கள் அப்பா பேரா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள்.

உசிலை பேரன்:
அதை நாங்கள் யோசித்ததே இல்லை அக்கா. ஞாயிற்றுக்கிழமை அப்பா ஊருக்கு வருகிறார். பேசிவிட்டு, திங்கட்கிழமை சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு மதுரை போகிறோம்.