போடி மலையடிவாரத்தில் இளைஞர் தீக்கண்காணிப்புக் குழு: உதவி தேவை

வணக்கம். குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் அத்தனை உயிர்கள் போன பிறகும் போடி மலைப் பக்கம் கோடையில் புல் எரிவது நிற்கவில்லை. வனச்சரக அனுமதியோடு, அடிவார ஊர் இளைஞர்களை வைத்து பிப்ரவரி முதல் மே வரை கண்காணிப்புக் குழு அமைக்கிறோம்.

மத்திய அரசின் வன அளவை நிறுவனமான ஃபாரஸ்ட் சர்வே ஆஃப் இந்தியாவின் தீ எச்சரிக்கை குறுஞ்செய்தியாக இலவசமாகவே வரும். அதை மட்டும் நம்ப முடியாது. அதற்காகத் தீயைக் கண்டறியும் செயற்கைக்கோள் நம் பகுதியைக் கடப்பது பகலிலும் இரவிலும் ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு. பிற்பகல் மூன்றுக்குப் பற்றிய தீ நள்ளிரவு தாண்டித்தான் தெரியும். அது காட்டும் புள்ளியும் 375 மீட்டர் கட்டத்தின் நடுப்புள்ளிதான்; தீ அந்தக் கட்டத்துக்குள் எங்கும் இருக்கலாம். தோட்டத்துச் சருகை எரித்தாலும் எச்சரிக்கை வரும். அதனால் பிற்பகல் 2 முதல் 6 மணி வரை மேட்டில் இருவர் நின்று பார்க்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் புகையின் திசையைக் குறித்துச் சொல்லும் வேலை மட்டும். தீக்கருகே 18 வயது நிரம்பியவர்கள்தான், அதுவும் வனக்காவலரோடு. தீ சரிவில் மேல்நோக்கி வேகமாக ஏறும். தீக்கு மேலே நின்று அணைக்கவே கூடாது.

தேவைப்படுபவை:

ஒற்றையடிப் பாதை, நீர்நிலை, சிக்னல் கிடைக்கும் இடம் ஆகியவற்றைக் குறித்து வரைபடம் போடத் தெரிந்த ஒருவர்.

பருத்தி முழுக்கைச் சட்டைகள், தோல் காலணிகள். பாலியஸ்டர் வேண்டாம், உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

தீத்தடுப்புக் கோட்டில் (தீ பரவாமலிருக்கப் புல், சருகு நீக்கிய பட்டை) சருகு தள்ளும் ஊதுகருவி இரண்டு, வாடகைக்கென்றாலும் சரி. கூட்டிய சருகைக் கோட்டோரமே குவித்தால் பொறி தாண்டிவிடுகிறது. சரிவில் அதை எங்கே ஒதுக்குகிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.