வாடிக்கையாளர் ஆதார் நகல்கள்: சிக்னலுக்கு மாறுவதா, வாட்ஸ்அப்பே போதுமா?

மலர்விழி, ஈரோடு
வீட்டிலிருந்தபடி வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுக்கிறேன். பான், ஆதார், பாஸ்புக் பக்கம் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. "சிக்னல் செயலிக்கு மாறு, இணையத்தில் நாம் செய்வதை மறைக்கும் விபிஎன் சேவையைக் காசு கட்டி வாங்கு" என்கிறான் தம்பி. எனக்கு உண்மையில் எது தேவை?

பூட்டுச்சாவி
சிக்னல். யோசிக்கவே வேண்டாம். செய்தியை மறையாக்கும், அதாவது பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் முறை இரண்டிலும் ஒன்றுதான். சிக்னலின் நெறிமுறையை 2016 முதல் வாட்ஸ்அப்பும் முழுமையாகப் பயன்படுத்துகிறது. ஆனால் யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்ற விவரம் வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டாவிடம் சேர்கிறது. அதே 2016இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து ஒரு பயனரைப் பற்றிக் கேட்டு சிக்னலுக்கு ஆணை வந்தது. கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நேரம் தவிர, கொடுக்க அவர்களிடம் எதுவும் இல்லை.

ராமநாதன், காரைக்குடி
இவர் அமெரிக்க அரசுக்கா பயப்படுகிறார்? ஜவுளிக்கடைக்காரருக்குக் கணக்கு எழுதுவது யார் என்பது ஊருக்கே தெரியும். வெளியே போகக் கூடாதது ஆதார் நகல். அம்மா, அது இப்போது எங்கெல்லாம் கிடக்கிறது என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் கேலரியில் இறங்கும். அமைப்பைப் பொறுத்து அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கும் ஏறும். அதே கணக்கு பிள்ளைகளின் டேப்லெட்டில் இருந்தால் கல்யாணப் படங்களுக்கு நடுவே யாரோ ஒருவரின் பான் அட்டை! ஜெராக்ஸ் கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்து அச்செடுத்தால் அங்கும் ஒரு நகல். சிக்னல் இதில் எதைத் தடுக்கும்?

பூட்டுச்சாவி
முதலாவதையே தடுக்கும் ஐயா. சிக்னலில் வரும் படம் நாமாகச் சேமித்தால் ஒழிய கேலரிக்குப் போகாது. வாட்ஸ்அப்பின் காப்புப் பிரதிக்கு (பேக்கப்) முழு மறையாக்கம் 2021இல்தான் வந்தது. அதையும் நாமே தேடிப் போய் இயக்க வேண்டும். எத்தனை பேர் இயக்கியிருப்பார்கள்?

ராமநாதன், காரைக்குடி
காப்புப் பிரதி விஷயம் நியாயம். ஆனால் மளிகைக்கடைப் பெரியவரிடம் சிக்னல் போடச் சொன்னால் பேரனிடம் போனை நீட்டுவார்; ஆதாரையும் பேரனே அனுப்புவான். ரகசியம் காக்கப் போய் இன்னொருவர் கைக்குப் போகும். இருப்பதையே இறுக்குங்கள், அம்மா. முதலில், வரும் படங்கள் கேலரியில் சேர்வதை நிறுத்துங்கள். அதன் பிறகு மறையும் செய்திகளுக்கு 7 நாள் வையுங்கள். வரிசை மாறக் கூடாது. உரையாடல் மறைந்தாலும் கேலரியில் இறங்கிய படம் மறையாது. பழைய வாடிக்கையாளரிடம் ஆண்டுதோறும் ஆதார் நகல் வாங்குவதே அவசியமா? அடையாளத்துக்கு மட்டும் என்றால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதும்.

தென்றல்
விபிஎன்னை விட்டுவிட்டீர்களே. இணைய நிறுவனத்திடம் மறைப்பதை விபிஎன் நிறுவனத்திடம் காட்டுகிறோம், அவ்வளவுதான். விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் உத்தரவிட்டது. அதனால் எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன் என்ற இரு நிறுவனங்களும் இந்தியாவிலிருந்த சர்வர்களையே அகற்றிவிட்டன. வரித்துறைத் தளத்தில் பான் எண்ணோடு நுழைபவர் யாரிடமிருந்து ஒளிய வேண்டும்? அந்தக் காசு மிச்சம்.

மலர்விழி, ஈரோடு
கேலரி அமைப்பை மாற்றிவிட்டேன். பழைய படங்களை அழிக்க ஒரு ஞாயிறு வேண்டும். வாடிக்கையாளர்களின் வரித்துறைக் கடவுச்சொற்களை நோட்டில் எழுதி பீரோவில் பூட்டி வைக்கிறேன். அதுவும் தவறா?

ராமநாதன், காரைக்குடி
தவறே இல்லை. 2022இல், கடவுச்சொற்களை இணையத்தில் சேமித்துத் தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் கடவுச்சொல் பெட்டகங்களின் நகல்களையே திருடிப் போனார்கள். உங்கள் பீரோவை வெளிநாட்டிலிருந்து உடைக்க முடியாது.

பூட்டுச்சாவி
கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் கீபாஸ்எக்ஸ்சி மென்பொருள் இருக்கும்போது லாஸ்ட்பாஸை ஏன் இழுக்கிறீர்கள்? கோப்பு அவர் கணினியிலேயே இருக்கும். பென்டிரைவில் இன்னொரு பிரதி வைக்கலாம். நோட்டு நனைந்தால், கணக்கு தாக்கல் நெருக்கும் ஜூலை மாதத்தில் என்ன செய்வார்?

ராமநாதன், காரைக்குடி
வரித்துறைத் தளத்தில் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்பதை அழுத்துவார். ஓடிபி வாடிக்கையாளர் போனுக்குத்தானே போகிறது.