முதலில் குழாய், அப்புறம் கட்டில்

கடலூரில் 108 ஆம்புலன்ஸில் இ.எம்.டி.யாக (அவசர மருத்துவ உதவியாளர்) இருக்கிறேன். எங்களுக்குப் புது நிலையம் கட்டுவதற்காகப் பொறியாளர் ஒருவர் வரைபடம் போட்டிருந்தார். "தினம் வண்டியில போறவங்க பார்த்துச் சொல்லுங்கம்மா" என்று என்னிடம் கொடுத்தார். கீழே ஷட்டர் போட்ட வண்டி அறை, மாடியில் எங்களுக்கு ஓய்வறை.

எனக்கு ஒரு ராத்திரிதான் நினைவுக்கு வந்தது. ரெட்டிச்சாவடி பக்கம் லாரி மோதிய கேஸ். ஆளை ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினால் வண்டித் தரையெல்லாம் ரத்தம். நாங்கள் வண்டி நிறுத்தும் இடத்தில் குழாயே கிடையாது. பூட்டிக் கிடந்த டீக்கடை வாசல் ட்ரம்மிலிருந்து வண்டி ஓட்டும் பைலட் அண்ணன் வாளி வாளியாக மொண்டு வர, தெருவிளக்கு வெளிச்சத்தில் தேய்த்துக் கழுவினேன். அந்தத் தண்ணீர் சாக்கடையில் ஓடியது இன்னும் மனதை உறுத்துகிறது. கழுவி முடிப்பதற்குள் அடுத்த கேஸ். நனைந்த யூனிபார்மோடு ஏறினேன். கழிப்பறை இல்லாததால் 12 மணி நேர ஷிப்டில் தண்ணீரே குடிக்காமல் இருக்கப் பழகியவள் நான்.

அதனால் முதலில் குழாயைத்தான் கேட்டேன். வண்டி வந்து நிற்கும் இடத்திலேயே சரிவான தரை, அழுக்கு நீருக்குத் தனித் தொட்டி, கிருமி நீக்கும் 1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல் வைக்க அலமாரி. பக்கத்திலேயே பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள குளியலறை. குளித்துவிட்டுத்தான் ஓய்வறைக்குள் போக வேண்டும். அதுவும் தரைத்தளத்தில்தான். தூக்கக் கலக்கத்தில் படியிறங்கி ஓடினால் கால் பிசகும்.

ஷட்டரே வேண்டாம் என்றேன். இங்கே உப்புக் காற்றில் துரு ஏறி, அவசரத்துக்குத் தூக்க வராது. முன்பக்கம் திறந்தே இருக்கட்டும், மேலே கான்கிரீட் போடுங்கள் என்றேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் தகரக் கூரைகள் பறந்ததை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. பின்னால் ஒரு வாசலும் கேட்டேன். ரிவர்ஸ் எடுக்காமல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடலாம்.

தரை மட்டத்தில்தான் அவர் தயங்கினார். உயர்த்தினால் சாய்தளம் நீளும், இடம் பற்றாது என்றார். 2024 டிசம்பரில் பெண்ணையாற்று வெள்ளம் வந்ததைச் சொன்னேன். தண்ணீர் சூழ்ந்த நாளில்தானே எங்களை அதிகம் தேடுவார்கள்? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு காட்டுங்கம்மா" என்று அளவு டேப்பை எடுத்தார். ஆளுக்கொரு முனை பிடித்து, எதிர்வீட்டுச் சுவரில் இருந்த கறையை அளந்தோம்.