ரியோஹா ரெசெர்வாவுக்கு என்ன சமைக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. வரும் சனிக்கிழமை ஸ்பெயினின் லொக்ரோன்யோ நகரில் என் வீட்டில் ஆறு பேருக்கு விருந்து. 2016 ரியோஹா ரெசெர்வா, அதாவது இந்த ரியோஹா பகுதியின் சிவப்பு ஒயின், இரண்டு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன். முக்கியமாக டெம்ப்ரானியோ திராட்சை. ரெசெர்வா என்பதால் குறைந்தது மூன்று வருடம் பக்குவப்பட்டது, அதில் ஒரு வருடமாவது ஓக் பீப்பாயில்.

நேற்று அதே ஒயினில் இன்னொரு பாட்டிலைத் திறந்து பார்த்தேன். கோப்பையைச் சாய்த்தால் நடுவில் நல்ல சிவப்பு, ஓரத்தில் லேசான செங்கல் நிறம். முதலில் வந்தது செர்ரி வாசனை. பத்து நிமிடம் விட்டு முகர்ந்தால் வெனிலா, கொஞ்சம் தேங்காய், புதுத் தோல் பையின் மணம். வெனிலாவும் தேங்காயும் அமெரிக்க ஓக் கொடுப்பவை. அழகாக இருந்தது. ஆனால் விழுங்கிய பிறகு பாக்கு மென்றது போல ஒரு துவர்ப்பு நாக்கிலேயே நின்றது.

திராட்சைக் கொடிச் சுள்ளியில் சுட்ட ஆட்டுக்குட்டி விலாக்கறி உறுதி. அந்தக் கொழுப்பு துவர்ப்பை அடக்கிவிடும். என் குழப்பம் சைவம் சாப்பிடும் இருவருக்காக. பூண்டு போட்டு வதக்கிய காளானும் சுட்ட சிவப்புக் குடைமிளகாயும் இந்த ஒயினுக்கு ஈடுகொடுக்குமா? பழுத்த மான்செகோ சீஸ் வைக்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்து அவர்களை அனுப்ப மனம் வரவில்லை.

அப்புறம், ஒயினில் காற்றுப் படக் குடுவையில் ஊற்றி வைப்பதென்றால் குடிப்பதற்கு எவ்வளவு நேரம் முன்பு? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகிறேன்.