புதிய குறுநாடகங்கள் தெரிந்தால் சொல்லுங்கள்

வணக்கம். மதுரையில் நாங்கள் ஐந்து பேர், மூன்று பெண்கள், இரண்டு ஆண்கள், சனிக்கிழமைதோறும் கூடி நாடகம் வாசிக்கிறோம். அடுத்து ஒரு மொட்டைமாடியில் சின்னதாக நிகழ்த்திப் பார்க்க ஆசை. 15, 20 நிமிடத்துக்குள் முடிகிற, இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்களின் தமிழ் நாடகங்கள் வேண்டும்.

ந. முத்துசாமியின் நாற்காலிக்காரர், இந்திரா பார்த்தசாரதியின் மழை இரண்டையும் வாசித்துவிட்டோம். ரசித்தோம். ஆனால் யாரைக் கேட்டாலும் இந்தப் பெயர்களிலேயே வந்து நிற்கிறார்கள். முத்துசாமி கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கியது 1977இல். அதற்கப்புறம் எவ்வளவோ எழுதப்பட்டிருக்கும், புத்தகமாக வராததால் கண்ணில் படுவதில்லை என்று நினைக்கிறேன்.

2015க்குப் பின் எழுதியதாக இருந்தால் நல்லது. அரங்கப் பொருள் என்று எங்களிடம் இருப்பது நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டியூப்லைட். பெண்களுக்கு அழுவதைத் தவிர வேறு வேலை இருக்க வேண்டும். கடைசியில் பார்வையாளர்களைப் பார்த்து உபதேசம் செய்கிற நாடகம் மட்டும் வேண்டாம், ப்ளீஸ். இலங்கைத் தமிழ் நாடகங்களும் சரி.

சிட்னியில் 2002இல் தொடங்கிய ஷார்ட் பிளஸ் ஸ்வீட் பத்து நிமிட நாடக விழா சென்னையிலும் நடந்திருக்கிறது. அதற்குத் தமிழில் எழுதியவர்கள் இங்கே இருந்தால் பிரதியைப் பகிர முடியுமா? அனுமதி கேட்டு, பெயர் போட்டுத்தான் நிகழ்த்துவோம். கையெழுத்துப் பிரதியானாலும் பரவாயில்லை.