தங்கச்சி கல்யாணத்துல நான் பொரி போடணுமாம், எதுக்குன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் தங்கச்சிக்கு கல்யாணம், அப்பா இல்ல, நான்தான் முன்ன நின்னு எல்லாம் செய்யணும். ஐயர் குடுத்த லிஸ்ட்ல பொண்ணோட அண்ணன் பொரி இடணும்னு இருக்கு. அவர் சொல்றப்ப கைய மட்டும் நீட்டிட்டு வர எனக்கு மனசில்ல, அர்த்தம் தெரிஞ்சு செய்யணும். அப்புறம் அம்மி மிதிக்கறது, ஏழு அடி இதெல்லாம் எதுக்கு?

மல்லிப்பந்தல்:
தம்பி, கேட்டதே சந்தோஷமா இருக்கு. தங்கச்சி ரெண்டு கையையும் குவிச்சு நீட்டுவா, அடியில மாப்பிள்ளை கை இருக்கும், ரெண்டு சொட்டு நெய் விட்டு நீங்க நெல்லுப்பொரிய அள்ளி அவ கையில போடணும், அது அக்னிக்குப் போகும். அப்ப வர்ற மந்திரத்துல பேசறதே பொண்ணுதான், என் புருஷன் நூறு வருஷம் இருக்கணும்னு வேண்டிக்கறா. ஆனா அந்தப் பொரி பொறந்த வீட்டுக் கையிலேர்ந்துதான் வரணும், வேற வீட்டுக்குப் போனாலும் பொறந்தவன் இருக்கான்னு எங்க பாட்டி சொல்வாங்க. என் அண்ணன் போடறப்ப கை நடுங்கி பாதி பொரி என் கூறைப்புடவை மடியில விழுந்துச்சு, அவர் அழுதத நான் பாத்தது அன்னிக்கு ஒரு நாள்தான்.

அம்மிய பொண்ண அடக்கறதுன்னு சிலர் நினைக்கறாங்க, அப்படி இல்ல. மாப்பிள்ளை அவ கால பிடிச்சு கல்லு மேல வெச்சு, இந்தக் கல்லு மாதிரி உறுதியா இரு, எதுத்து வர்றவங்கள எதுத்து நில்லுன்னு சொல்றார். எனக்கு ரொம்பப் பிடிச்ச மந்திரம் அது.

ஏழாம்அடி:
அக்கா அழகா சொல்லிட்டாங்க. நான் சப்தபதி, அதாவது அந்த ஏழு அடி பத்தி மட்டும் சொல்றேன். தாலி கட்டி கெட்டிமேளம் அடிச்சதும் பாதிப் பேர் பந்திக்கு எந்திரிச்சுடறாங்க, ஆனா முக்கியமானதே அப்புறம்தான் இருக்கு. சாப்பாடு, பலம், விரதம், சுகம், ஆடு மாடு, பருவகாலம், யாகம்னு அடிக்கு ஒண்ணா வேண்டிக்கிட்டு, ஏழாவது அடி வெச்சதும் மாப்பிள்ளை அவள 'சகா'ன்னு கூப்பிடறார், தோழின்னு அர்த்தம். 1955 இந்து திருமணச் சட்டம் 7வது பிரிவுலயே, சப்தபதி இருக்கற கல்யாணம் ஏழாவது அடியிலதான் முழுமையாகுதுன்னு இருக்கு. அதுக்காக இது இல்லாத கல்யாணம் செல்லாதுன்னு யாரும் நினைச்சுடாதீங்க, நம்ம தமிழ்நாட்டுல 1967 திருத்தத்துல 7ஏ கொண்டுவந்தாங்க, சொந்தக்காரங்க நண்பர்கள் முன்னாடி மாலை மாத்தினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ செல்லும்.

வடக்குவானம்:
அருந்ததி விட்டுப்போச்சே. பகல் முகூர்த்தத்துல வானத்தக் காட்டறது பேருக்குத்தான். மேகமில்லாத ராத்திரியா பாத்து ரெண்டு பேரையும் மொட்டைமாடிக்கு கூட்டிட்டுப் போங்க. வடக்குல சப்தரிஷி மண்டலம் கரண்டி மாதிரி இருக்கும், காம்பு நுனியிலேர்ந்து ரெண்டாவது வசிஷ்டர், அவர ஒட்டி மங்கலா ஒண்ணு தெரியும் பாருங்க, அதான் அருந்ததி.

இன்னொண்ணு, அகநானூறு 86ம் பாட்டுல ஒரு கல்யாணம் வருது, உளுந்து போட்ட பொங்கல், மணல் பரப்பின பந்தல், புள்ளை பெத்த நாலு பெண்கள் நீர் ஊத்தி வாழ்த்தறாங்க, தீயும் இல்ல தாலியும் இல்ல. நம்ம ஊர்ல முறை ஒண்ணு மட்டும் இல்ல.

வைகைக்கரை:
கண்ணு கலங்கிடுச்சுங்க. ஏழு அடி முடியற வரைக்கும் பந்தி போட வேணாம்னு சமையல்காரர்கிட்ட இப்பவே சொல்லிட்டேன். நாளைக்கு ஐயரப் பாத்து, ஒவ்வொண்ணுக்கும் தமிழ்ல அர்த்தம் சொல்லி மெதுவா செய்ங்கன்னு கேக்கப் போறேன்.