கன்னியா பக்கம் பிள்ளைகளோடு ஒரு வட்டப்பாதை: தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. திருகோணமலையில் நடக்கவும் மவுண்டன் பைக் ஓடவும், போன வழியே திரும்பாத 6 முதல் 8 கிலோமீற்றர் பாதை ஒன்று தேவை. கன்னியா வெந்நீரூற்றில் தொடங்கி அங்கேயே முடிந்தால் நல்லது. களைத்த கால்களுக்கு ஏழு கிணற்றுத் தண்ணியை விட வேறென்ன வேணும்!

20 அங்குலச் சைக்கிளில் வரும் பிள்ளைகளுக்கு ஏற்றத்தை விட மணல்தான் பிரச்சினை. இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் குருமணல் என்றால் முன்சில்லு புதைந்து ஹாண்டில் திரும்பிவிடும். அதனால் கிரவல் அல்லது இறுகிய குளக்கட்டு வேணும். அடுத்தது நெருஞ்சி முள்: குத்தினவுடனே காற்று இறங்காது, பிடுங்கின பிறகுதான் சீறும். மாற்று ரியூப் இரண்டு, பம்ப், ஒட்டுத்துண்டு கொண்டுவருவோம். பெரியவர்களின் 2.1 அங்குல ரயருக்குக் காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐ. அதிலும் குறைத்தால் கல்லில் ரியூப் நசுங்கி இரட்டைக் கீறல் விழும்.

பெரியகுளம் பக்கத்தோடு இணைக்க மண்பாதை இருக்கோ? பிரதான வீதியை எத்தனை தரம் கடக்க வேணும்? மாரியில் தண்ணி தேங்கும் இடம் எது? யானை வந்துபோகும் தடம் இருந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கோ, அந்தப் பக்கமே போகமாட்டோம். காலை 6.30க்குத் தொடங்கி, வெயில் ஏற முன்னம் 9.30க்குள் முடிக்க வேணும்.